அடுத்த எபிசோட்

ஒரு தொடர் பார்க்கத் தகுந்ததா இல்லையா என்பதை முதல் எபிசோடை வைத்து முடிவு செய்யாதீர்கள். பதினான்கு வருடமாக என் பத்தியில் இதையே எழுதி வருகிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்கள் காவலர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பத்திரிகைப் படத்தில் இருப்பதைவிட இளைத்துவிட்டீர்கள் என்றார். போன மாதம் நான் சிபாரிசு செய்த மருத்துவமனைத் தொடரைப் பாதியில் விட்டுவிட்டாராம். மூன்றாவது வரைக்கும் பொறுத்துப் பாருங்கள் என்றேன். தலையாட்டினார். பார்ப்பார் என்று தோன்றவில்லை.

வியாழக்கிழமையைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன். அவசரமில்லையே.

காலையில் அக்கா மகள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். "சித்தி, குடுத்தத மறந்துட்டு மறுபடி மறுபடி குடுத்துட்டேன்னு சொல்லுங்க. தூக்கமில்லாம இருந்தேன்னு சொல்லுங்க. யாரா இருந்தாலும் நம்புவாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கமான பெண். ஆனால் மறதி எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது. எனக்கு ஒவ்வொரு நிமிடமும் நினைவிருக்கிறது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாள். அத்தான் போனபிறகு என்னோடு வந்து இருந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்ப்போம். பத்தாவது நிமிடத்திலேயே, "இவன் நல்லவன் இல்லடி, சட்டைய எவ்வளவு நேரம் மடிக்கிறான் பாரு" என்பாள். நான் எழுதிக்கொள்வேன். ஊரெல்லாம் ரசித்த என் கிண்டல்களில் பாதி அவள் வாயிலிருந்து விழுந்தவை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

பிறகு அவளுக்குத் தலையில் ரத்தம் உறைந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் தூங்கி எழுந்தால் முந்தின நாள் அவளிடம் இருக்காது. என்னைத் தெரியும், மகளைத் தெரியும், உலகத்து ஆறுகளையெல்லாம் வரிசையாகச் சொல்வாள். நேற்று மட்டும் கிடையாது.

மாத்திரை கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இதயத் துடிப்புக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, நாளைக்கு ஒன்று. ஒன்றுக்கு மேல் போனால் ஆபத்து என்று மருத்துவர் என்னிடம் இரண்டு தரம் சொன்னார். அக்கா அதைத் துப்புவாள். "என்ன என்னடி பண்ணப் பாக்குற?" என்று சந்தேகமாக முறைப்பாள். மூன்று வாரம் வந்துபோன நர்ஸம்மாதான் வழி சொன்னாள். மறதிக்காரர்களிடம் மணி பார்த்துக் கொடுத்தால் தினமும் சண்டைதான், அவர்களுக்குப் பிடித்த ஒரு சத்தத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள் என்றாள். அப்போது ஒரு புதுத் தொடர் வந்திருந்தது. மலைப்பாதையில் விடுதி நடத்தும் ஒரு குடும்பம், அப்பா காணாமல் போகிறார், அவருடைய பெட்டி மட்டும் திரும்பி வருகிறது. மொத்தம் எட்டு எபிசோட், ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். முகப்புப் பாட்டு அக்காவுக்குப் பிடித்துப்போனது. பாட்டு வரும்போது மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன். பத்து நாளில் பழகிவிட்டது. பாட்டு ஆரம்பித்தால் கை தானாக நீளும். மனது மறந்தாலும் கை மறக்காது போலிருக்கிறது.

முதல் நாளுக்கு மறுநாளே இரண்டாவது எபிசோடைப் போட்டுப் பார்த்தேன். யார் இவர்கள், ஏன் நம் வீட்டில் நிற்கிறார்கள் என்று நடுங்கினாள். வேறு தொடர் போட்டாலும் அதே கதை. அதனால் மறுபடி முதல் எபிசோட். அதற்கு மறுநாளும் அதுதான். பதினொரு மாதம், தினமும் காலை ஒன்பதரைக்கு. பன்னிரண்டாவது நிமிடத்தில் பெட்டி வரும். அக்கா என் தொடையில் தட்டி, "பெட்டிய எடுத்தது தம்பிக்காரன்தான், பாத்துக்கிட்டே இரு" என்பாள். நான் "அப்படியாக்கா?" என்பேன்.

நீங்கள் பரிதாபப்பட வேண்டாம். எனக்கே என் மேல் பரிதாபம் வரவில்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகும் அல்லவா, கிள்ளினால்கூடத் தெரியாது. அப்படி ஆகியிருந்தேன். "பாத்துக்கிட்டே இரு" என்று அவள் சொல்லும்போது வாய் பதில் சொல்லும், நான் எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் பத்தியும் சப்பென்று ஆகிவிட்டது. "முந்தி மாதிரி உப்பு காரம் இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அக்காவிடம் சொன்னேன். அவளும் வருத்தப்பட்டாள். மறுநாள் அந்த வருத்தமும் அவளிடம் இல்லை.

வியாழக்கிழமை வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. தேநீர், ரொட்டி, தலைவாரல். பாட்டு, மாத்திரை, பெட்டி, தம்பிக்காரன். எபிசோட் முடிந்தால் அடுத்தது தானாக ஓடுவதற்கு முன் பத்து விநாடி இருக்கும். அதற்குள் நான் அணைத்துவிடுவேன். அன்று ரிமோட் என் மடியில் இருந்தது, நான் அதைத் தொடவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் தொலைக்காட்சி தானாகச் செய்தது.

இரண்டாவது தொடங்கியதும் அக்கா பயப்படவே இல்லை. நடுவில் தூங்கினால்தானே மறக்கும். தூங்காதவரைக்கும் கதை அவள் கையில் இருந்தது. "ஆமா, அந்த அண்ணிக்காரிதானே முன்னாடி விளக்க அணைச்சா?" என்று கேட்டாள். எனக்குப் புல்லரித்தது. பாட்டு வந்தது, கை நீண்டது, கொடுத்தேன். மாத்திரை அட்டை சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்க வேண்டியது. அன்று சோபா பக்கத்தில் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் நான்தான் எடுத்து வந்து வைத்தேன்.

பாட்டைத் தாண்டிப் போவதற்கு ஒரு பொத்தான் உண்டு. என் வாசகர்கள் எல்லோரும் அழுத்துவார்கள். அழுத்தியிருந்தால் பாட்டு வராது, கையும் நீளாது. நான் அழுத்தவில்லை. நல்ல பாட்டு அது.

நான்காவது எபிசோடில் விடுதிக்காரி சமையலறையில் தனியாக நின்று ஒரு தட்டை மூன்று தரம் கழுவுவாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இல்லடி, நான் தப்பாச் சொல்லிட்டேன். தம்பி இல்ல. அம்மாக்காரிதான். குத்தம் பண்ணவங்கதான் கழுவுனதையே கழுவுவாங்க" என்றாள். பதினொரு மாதத்தில் அவள் சொன்ன முதல் புதுக் கணிப்பு. உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அவள் சொன்னது சரியும்கூட. எனக்குத் தெரியும், நான் முன்பே தனியாகக் கடைசிவரை பார்த்திருந்தேன். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆறாவதில் பாட்டு வந்தபோது கை பாதிதான் எழும்பியது, நான் பிடித்து விரித்து வைத்தேன். அவள் பேசவில்லை. நல்ல காட்சிகளின்போது அவள் எப்போதுமே பேசமாட்டாள். ஏழாவதில் வாய் திறக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். வற்புறுத்தும் பழக்கம் எனக்கில்லை. எட்டாவதை முழுக்கப் பார்த்தோம். முடிவு கொஞ்சம் இழுவை.

முடிந்தபோது மணி நாலேகால். ஐந்து மணிக்குள் பத்தி போய்ச் சேர வேண்டும். அவள் தலையைத் தலையணைக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். தட்டைப் பற்றிய அந்த வரியைத்தான் முதல் வரியாகப் போட்டேன். நாலு நாற்பத்தெட்டுக்கு அனுப்பினேன். ஆசிரியர் உடனே பதில் போட்டார், பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று. அதைப் படித்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வந்தவர்கள் அவசரப்படவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அக்காவுக்கு ஒரு கதையை முழுசாகக் காட்டினேன். வாழ்நாள் முழுக்க முடிவுக்காகக் காத்திருந்து பார்த்தவள் அவள். பதினொரு மாதமாக யாரோ ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதோடு அவளுக்கு உலகம் நின்றுபோயிருந்தது. ஒரு நாளாவது அவள் ஆசைப்பட்டபடி கடைசிவரை பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்காகத்தான். தன் வாயால் கேட்க முடிந்திருந்தால் அவளே கேட்டிருப்பாள்.

உங்கள் தாளில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு நேராகச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். இங்கிருந்து தலைகீழாகப் பார்த்தாலும் தெரிகிறது. எந்தப் பொத்தான் எப்போது அழுத்தப்பட்டது என்று தொடரை ஒளிபரப்பும் அந்த நிறுவனத்தார் இவ்வளவு சுத்தமாகக் குறித்து வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்தும் தெரியவில்லை. ஆமாம், நான்கு எபிசோட் ரிமோட்டைத் தொடாமல் ஓடினால் அது நின்றுவிடும். இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்கும். யாராவது ஆமாம் என்று அழுத்தாமல் மேற்கொண்டு ஓடாது. அக்காவின் கை தெரியாமல் பட்டிருக்கலாம் அல்லவா என்று நீங்களே எனக்கு ஒரு வழி காட்டுகிறீர்கள். உங்களுக்கு நல்ல மனது. ஆனால் ரிமோட் என் மடியைவிட்டு நகரவில்லை.

படம் நின்றதும் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். நான்கு மாத்திரைதான் உள்ளே போயிருந்தது. மருத்துவமனை எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது திருப்பம், நடந்தே போகலாம். அக்கா என் முழங்கையைப் பிடித்து, "போதும்டி, தல சுத்துது. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

நாளைக்கு என்றால் மறுபடி முதல் எபிசோட். ஆமாம் என்பதை அழுத்தினேன்.