போகப் போகப் பழகிவிடும்

பித்தளைக்கு உப்புத் தண்ணீரைப் போல எதிரி வேறில்லை. பேசாலையில் சங்குக்கும் கடலட்டைக்கும் கடலில் மூழ்கிச் சுழியோடுகிறவர்களின் றெகுலேட்டர்களைப் பல வருடமாக நான்தான் திருத்துகிறேன். வருகிற பழுதில் பாதி உப்பால் வந்தது.

சிலிண்டரில் இறுகிக் கிடக்கும் காற்றை வாய்க்கு ஏற்றபடி குறைத்துத் தருவது றெகுலேட்டரின் வேலை. காற்று நுழையும் வாசலில் தூசியை வடிகட்டும் சின்ன வடி ஒன்று இருக்கும். அது பச்சை பிடித்து அடைபட்டால் கரையில் ஒன்றும் தெரியாது. வாயில் வைத்து இழுத்தால் காற்று நன்றாகவே வரும். ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதல் காற்று வேண்டும், அங்கேதான் அது கழுத்தைப் பிடிக்கும். சிலிண்டரின் காற்றளவைக் காட்டும் கேஜ் ஊசி மூச்சுக்கு மூச்சு விழுந்து எழும்பும். வடியை மாற்றினால் சரி. சின்ன வேலை ஐயா.

போன வருடம் சுழியோடி றெனால்ட் என் பட்டறையில், ஆட்கள் பார்க்க, நான் திருத்திக் கொடுத்ததை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினான். காற்றுக் கசிந்து குமிழி வந்தது.

"யாகப்பண்ணை, இதோட கடலுக்குப் போனா நான் பெட்டியிலதான் வருவன்," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னது சரிதான். அதனால்தான் அவனை வெறுத்தேன். அந்த வெறுப்போடு நிம்மதியாகவும் இருந்தேன்.

ஈஸ்டருக்காகக் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாஸ்கா பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னர், கோபதாபம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் தேடிப்போய்ச் சமாதானமாவது எங்கள் வழக்கம். இந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து றெனால்ட் வந்தான். மனைவி டிலோஜினியும் கூட வந்தாள்.

"அண்ணை, அண்டைக்குச் சொன்னதை மனசில வச்சிருக்காதேங்கோ. நானும் மறந்திட்டன்."

அவமானப்பட்டவன் நான், மறந்துவிட்டவன் அவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் றெகுலேட்டரை மேசையில் வைத்தான்.

"இதை ஒருக்காப் பாத்துத் தாங்கோ. உங்களை நம்பித்தான் தாறன்."

வடி கொஞ்சம்தான் பச்சை பிடித்திருந்தது. அதை எறிந்துவிட்டு, பழைய சாமான்களுக்குள் இருந்து அதைவிட மோசமாக அடைபட்ட ஒன்றைத் தேடிப் போட்டேன். பொருத்தமானதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போனது. கரையில் காற்று வரவேண்டும் அல்லவா. விசாரணைக்காக நீங்கள் கழற்றிப் பார்த்தது அதைத்தான் ஐயா.

முதல் நாள் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிவிட்டு, பின்னேரம் நேரே என்னிடம் வந்தான்.

"கீழ போகப் போக இறுகுது அண்ணை. ஊசியும் மூச்சுக்கு மூச்சு ஆடுது."

மனிதன் கவனமாகப் பார்த்திருக்கிறான். நான் அவசரப்படவில்லை. அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"புது வாசர் போட்டிருக்கு. அப்பிடித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும். பயப்பிடாம இறங்கு," என்றேன்.

"நீங்கள் சொன்னாச் சரி," என்று குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் ஆழத்துக்குப் போனார்கள். கூடப் போன றோய்தான் அவன் உடலைத் தூக்கி வந்தான். கரையில் கிடத்தியபோது நானும் நின்றேன். டிலோஜினி றெகுலேட்டரை என்னிடம் நீட்டினாள்.

"இது பழுதா அண்ணை? சொல்லுங்கோ."

எல்லோருக்கும் முன்னால் சிலிண்டரைத் திறந்து, வாயில் வைத்து இழுத்துக் காட்டினேன். காற்று நன்றாக வந்தது.

"பழுதில்லைப் பிள்ளை. அவன் பயந்திட்டான் போல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களில சந்தேகப்பட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள்.

மன்னித்தேன். றெனால்ட்டையும் அங்கேயே மன்னித்துவிட்டேன். எவர் மீதும் கோபம் வைத்திருக்கிற ஆள் நான் இல்லை ஐயா.