அட்டைப்படத்து அடுப்படி

— இன்னொரு படமா? போதும்மா அடேல். போன வருஷம் எடுத்த படமே இன்னும் என் கழுத்தைச் சுத்திக்கிட்டு இருக்கு.

— ஒரே ஒரு படம், மிசஸ் நீல்சன். ‘ஒரு வருஷத்துக்கு அப்புறம்’னு தலைப்பு. எங்க பத்திரிகையில உங்க முகம் அட்டையில வந்த இதழ்தான் அந்த வருஷமே அதிகமா வித்துச்சு, நிஜமா சொல்றேன்.

— விக்காம என்ன செய்யும்? மஞ்சள் ஃப்ரிட்ஜ் ஒண்ணை லாரியில கொண்டுவந்து இறக்கினீங்க. பக்கத்துல என்னை நிக்க வச்சுச் சிரிக்கச் சொன்னீங்க. சாயங்காலமே ஏத்திக்கிட்டுப் போயிட்டீங்க. இன்னிக்கும் ஓமஹாவுலேர்ந்து பொம்பளைங்க கார் போட்டுக்கிட்டு அதைப் பார்க்க வர்றாங்க. என் பழைய ஃப்ரிட்ஜைப் பார்த்துட்டு, நான்தான் ஏமாத்திட்ட மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறாங்க.

— உங்களைப் பார்த்துத்தானே மேடம், தெருவுல பாதி வீட்டு அடுப்படி மஞ்சளாயிருக்கு.

— மஞ்சள் அடிச்சுக்கட்டும். நீ ஒண்ணு சொல்லு. அன்னிக்கு அந்த மேஜையில உக்காந்து உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?

— சர்க்கரை ஆலைச் சோதனைக்கூடத்துல வேலை பார்த்ததைச் சொன்னீங்க. உங்க சின்னப் பொண்ணு பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் கெமிஸ்ட்ரி சொல்லித்தரப் போகணும்னீங்க.

— அச்சுல என்ன வந்துச்சு?

— “இந்த அடுப்படியைத் தாண்டி எனக்கு வேற உலகமே வேண்டாம்.”

— அது யார் வாயில வந்தது?

— எனக்கும் அதே ஆத்திரம்தான் மேடம். எங்க ஆபீஸ்ல பொம்பளைங்க கேள்வி கேக்கலாம், குறிப்பு எடுக்கலாம். எழுதுறது ஆம்பளைங்க. உங்களைப் பத்தி எழுதினவர் நியூயார்க்கை விட்டு வெளிய வந்ததே இல்ல.

— நீ சண்டை போடலையா?

— போட்டேன். எதிர்ப் பக்கத்துல ஃப்ரிட்ஜ் விளம்பரம் வருது, வேலைக்குப் போகத் துடிக்கிற பொம்பளை பக்கத்துல அது எப்படிம்மா விக்கும்னு கேட்டாங்க. இப்பவே டெலிவிஷன் விளம்பரத்தையெல்லாம் இழுத்துக்கிட்டுப் போகுதாம்.

— ஃப்ரிட்ஜ் வித்துச்சு. எனக்குக் கிடைக்கவேண்டிய வேலை போச்சு! கேட்டுக்கோ. ஜூன் மாசம் ஹைஸ்கூல் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஊரை விட்டுப் போயிட்டார். இந்த ஊர்ல அந்தப் படிப்பு படிச்சவ நான் ஒருத்திதான். நல்ல கவுனைப் போட்டுக்கிட்டுப் போய் பிரின்சிபால் ஹோல்ம் முன்னால உக்கார்றேன். “நாடே உங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கு, நீங்க போயி வேலைக்கு…”ன்னு இழுக்கிறார். இப்ப யார் கெமிஸ்ட்ரி எடுக்கிறா தெரியுமா? கால்பந்து கோச்!

— அடக் கடவுளே.

— உப்புக்கும் அமிலத்துக்கும் வித்தியாசம் தெரியாது அந்த ஆளுக்கு. போன வாரம் ஜன்னல் திரையைக் கொளுத்திட்டாராம்.

— நான் வேணா அந்த பிரின்சிபாலைப் பார்த்துப் பேசட்டுமா? அந்த வரியை நீங்க சொல்லவே இல்லன்னு சொல்றேன். என் வேலை போனாலும் பரவாயில்ல.

— ஒரு வரியா என்ன? “சின்னவ காலேஜ் போற வரைக்கும் வாசப்படி தாண்ட மாட்டேன்னு சொல்லிட்டு, இப்ப வந்து நிக்கிறீங்களே”ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டார். அவமானத்துல எந்திரிச்சு வந்துட்டேன்.

— இருங்க. அவர் என்ன சொன்னார்? வாசப்படியா?

— ஆமா. நீங்க அச்சடிச்சதுதானே?

— இல்லையே மேடம். அப்படி ஒரு வரி எங்க பத்திரிகையில வரவே இல்ல.

— வந்திருக்கும். நான்தான் அந்த அடுப்படி வரியைப் பார்த்ததும் மூடித் தூக்கிப் போட்டவ. மிச்சத்தை யார் படிச்சா?

— இந்தாங்க அதே இதழ். ரெண்டு பக்கம்தான், நீங்களே பாருங்க.

— குடு… சின்னவ பேரே இதுல இல்லையே.

— நான்தான் சொன்னேனே. உங்க பிரின்சிபால் எங்க பத்திரிகை வாங்குறவரா?

— அந்த மனுஷனா? மீன்பிடிப் பத்திரிகை தவிர வேற எதையும் கையால தொடமாட்டார்.

— அப்ப இந்தக் கதையை அவர் காதுல போட்டது யாரு?

— அடேல்… அவர் சனிக்கிழமை தவறாம மீன் பிடிக்கப் போறது என் வீட்டுக்காரரோடதான்.