வெறுங்காலால் மிதிக்க வேண்டியது

“இரவிரவாப் பல்கனியில போட்டு நல்லா விறைக்க விடுவம். விடிய வெறுங்காலால மிதிச்சாத் தண்ணியெல்லாம் வெளிய வந்திடும்.”

கனடாவின் உறைபனிக் காலத்தில், ஸ்காபரோ பஸ்ஸில் முன் சீட்டு மனுசன் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னதும், ஏதோ பிணத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்து, இறங்கி ஓடுவதற்காக மணியை அழுத்திவிட்டேன்.

“உருளைக்கிழங்கை ஆரும் காலால மிதிப்பினமே?” என்றார் மனைவி.

எனக்கு மூச்சு வந்தது.

“பெரு நாட்டில அந்தக் காலத்து இன்கா சனம் அறுவடை முடிய உப்பிடித்தான் மிதிச்சு, வெயிலில காயவிட்டு, மலையில களஞ்சியம் கட்டி வருசக்கணக்கா வைச்சிருந்ததுகளாம். மருமகளின்ர தாய் பெருவில இருந்து முதல்முதலா வாறா. அவவின்ர ஊர்ச் சாப்பாடு குடுக்க வேண்டாமே?”

“உங்கட கால் பட்டதெண்டு தெரிஞ்சா, மனுசி அடுத்த பிளேனில திரும்பிப் போயிடும். பிறகு மகன் எங்களோட கதைக்கவே மாட்டான்.”

“அங்க குடும்பமாச் சேர்ந்துதான் மிதிக்கிறவையாம்.”

மனைவி குனிந்து அவருடைய காலைப் பார்த்தார்.

“அப்ப அவ வரட்டும், மூண்டு பேருமா மிதிப்பம். நீங்கள் மட்டும் காலைக் கழுவிப்போட்டு வாங்கோ.”

பஸ் நின்று கதவு திறந்தது. ஒருவரும் இறங்கவில்லை. மணி அடித்த மடையன் யாரென்று எல்லோரும் திரும்பிப் பார்க்க, நானும் திரும்பிப் பார்த்தேன்.