சீசனுக்கு விட்ட மாடி

— அதான் கேக்கேன். வீட்டுக்கு மூத்தவன் வந்து நிக்கேன், எந்திரிச்சு ஒரு வாய் காப்பி குடுக்கணும்னு தோணலியா உனக்கு?

— கை ஒழியல பெரியத்தான். பாத்துட்டுத்தானே நிக்கீங்க.

— பாத்துட்டுத்தான் நிக்கேன். மகன் கட்டில்ல உக்காந்து ரப்பர் பந்த அமுக்கி வெளையாடிட்டிருக்கே.

— பந்து இல்ல, காத்துப்பை. கரண்டு போனதுல தேவாவுக்கு மூச்சு குடுக்குத மிஷினு நின்னு போச்சு. தொண்டைக் குழாயில இதச் சொருகி நான் அமுக்குனாத்தான் அவனுக்கு மூச்சு.

— கரண்டு போனா இன்வெர்ட்டர் இருக்குல்லா? என் தம்பி மஸ்கட்டுல வேகாத வெயில்ல கெடந்து வாங்கிப் போட்டது, அது என்ன வீட்டுக்கு அலங்காரமா?

— அதப் பொறவு சொல்லுதேன். நீங்க வந்த விஷயத்தச் சொல்லுங்க.

— சொல்லுததுக்கு என்ன, முடிவே பண்ணியாச்சு. மதுரைப் பக்கம் ஒரு ஹோமு. இந்த மாதிரிப் பிள்ளைகள வச்சுக்கிடுவாங்களாம். நாளைக்கு காலையில வண்டி வருது. தம்பி பெஞ்சமின்ட்டயும் போன்ல பேசிட்டேன், சரின்னுட்டான்.

— அவரு சரின்னா சொன்னாரு?

— "அண்ணன் பாத்துச் செய்ங்க"ன்னான். அதுக்கு வேற என்ன அர்த்தம்?

— சின்னப் பிள்ளையில அவரு கையில இருந்த மிட்டாயப் பிடுங்குனப்பவும் அதத்தான் சொல்லியிருப்பாரு.

— வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஏட்டி, வீட்ட ஆசுபத்திரியா ஆக்கி வச்சிருக்கே. கீழ முழுக்க மருந்து நாத்தம், ராத்திரி பகலுன்னு இல்லாம சளி உறிஞ்சுத சத்தம். குத்தாலத்துல சாரல் விழுந்துட்டு. மேலகரத்துல மாட்டுத்தொழுவத்தக்கூட வெள்ளையடிச்சு சீசனுக்கு வாடகைக்கு விடுதான். இங்கன வாரவன் என் பேரச் சொல்லி, "இது காமராஜ் வீடா, ஆசுபத்திரியா"ன்னு கேட்டுட்டுப் போறான்.

— ஆசுபத்திரியில கெடந்தவரைக்கும் மாத்தி மாத்திக் காய்ச்சல்தான். டாக்டரே சொன்னாரு, இங்க இருக்கத விட இவனுக்கு வீடுதான் நல்லதுன்னு. என்னப் பக்கத்துல உக்காத்தி வச்சு எல்லாம் சொல்லிக் குடுத்துத்தான் அனுப்புனாங்க. பகலுக்கு நர்ஸ் முத்துசெல்வி வாரா. வீட்டுக்கு வந்த பொறவு பிள்ளைக்கு உடம்பு சுட்டதில்ல.

— நர்ஸு! எங்க அந்த மகராசி? காணலியே.

— சுரண்டை பஸ்ஸு வரல. ராத்திரி அடிச்ச காத்துல ரோட்டுல மரம் கெடக்கு. கரண்டு போனதும் அதுலதான்.

— இம்புட்டுத்தான் உன் லட்சணம். ஒரு மரம் சாஞ்சா எல்லாம் போச்சு. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, ஒத்துக்கிடுதேன். ஆனா காக்காக் குஞ்சு கத்தவாவது செய்யும். எட்டு வயசாச்சு, இது மரக்கட்டையால்லா கெடக்கு. நாம பேசுதது இது காதுல ஏறுமா? ஆளு தெரியுமா? மிஷினுதான் மூச்சு விடுது, இவனா விடுதான்?

— ம்.

— என்ன ம்?

— பேசுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கோம்.

— அந்த இன்வெர்ட்டர் என்னாச்சு, அதச் சொல்லு மொதல்ல.

— மாடிக்கு நேத்து ஆளு வந்திருக்குல்லா?

— ஆமா, கோயம்புத்தூர்க்காரங்க. நான்தான் சாவி குடுத்தேன். மரியாதப்பட்ட மனுஷங்க.

— அவங்க இருட்டுல இருக்கக்கூடாதுன்னு மாடி லைன இன்வெர்ட்டர்ல சேக்கச் சொன்னது யாரு?

— நான்தான். ரெண்டு லைட்டு எரிஞ்சா குடியா முழுகிரும்?

— லைட்டு மட்டுமா எரிஞ்சுது? ராத்திரி அருவியில குளிச்சுட்டு வந்து ஒவ்வொருத்தியா ஹேர் டிரையர் போட்டுத் தலைய ஒணத்தியிருக்கா. இன்வெர்ட்டர் செத்துப்போச்சு. மிஷினுக்குள்ள இருக்க பேட்டரியும் விடியும்போதே காலி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா உங்களுக்கு?

— சொன்னா நீ விட்டுருவியாக்கும்?

— ஹாரன் கேக்குதா? மைக்செட் சுடலைமுத்துதான். போன் போட்டேன், ஜெனரேட்டர வண்டியில ஏத்திட்டு வந்துட்டான். உங்க கோயம்புத்தூர்க்காரங்க வேன் கேட்டு வாசல அடைச்சிட்டு நிக்கு. போயி எடுக்கச் சொல்லுங்க.

— இப்பவா? பாதி ராத்திரி வரைக்கும் அருவியில ஆடிட்டு இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க. வந்த மறுநாளே தட்டி எழுப்பி வண்டிய எடுன்னா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?

— அப்ப எழுப்ப மாட்டீங்க.

— கொஞ்சம் பொறேன். எந்திரிச்சதும் பக்குவமாச் சொல்லுதேன்.

— நல்லது. இங்கன வாங்க. கட்டில்ல உக்காருங்க. கைய நீட்டுங்க.

— என்னத்துக்கு? ஏட்டி, என்ன செய்யுதே? எனக்கு இதெல்லாம்...

— பிடிச்சுக்கிடுங்க. இந்தக் கையால குழாயோட சேத்துப் பிடிக்கணும், ஆடக்கூடாது. நீங்க மூச்சு இழுக்கும்போதெல்லாம் மெதுவா ஒரு அமுக்கு. அவ்வளவுதான். ரப்பர் பந்துதானே?

— மலரு, வெளையாடாத! இத வாங்கு. நான் போயி வேன எடுக்கச் சொல்லுதேன்.

— வேண்டாம். உங்க மரியாத கெட்டுப்போவும். எனக்குத்தான் அது இல்லியே, நான் போயி எழுப்புதேன்.

— ஏ மலரு! போவாத! இவன்... இவன் கண்ணு என்னையேல்லா பாக்கு!

— நீங்க உள்ள வந்ததுலேருந்து பாத்துட்டுத்தான் கெடக்கான் பெரியத்தான். நீங்க சொன்னதுல ஒரு வார்த்த விடாமக் கேட்டுட்டுத்தான் கெடக்கான். நிறுத்தணும்னா, அவன் கண்ணப் பாத்துக்கிட்டே நிறுத்துங்க.