வேண்டாம் என்று அமுக்காத மாமா

நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணி பத்து நிமிஷம். என் மாமா வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர். மனதில் குறித்துக்கொள்ளுங்கள்... இங்கிருந்துதான் என் குட்டிக் கதை கிளம்புகிறது. ஐந்து நிமிஷம். அதற்குமேல் எனக்கே பொறுமை கிடையாது.

சற்றுமுன் இந்த அரங்கில் மூன்றாம் வரிசை ஐயா கேட்டார்: "தம்பி, நீங்க எலக்ட்ரானிக்ஸ் படிச்சவரு. வீட்ல போட்டுப் பாக்குற சினிமா டிஸ்க்குல இன்டர்நெட் வசதியும் இருக்குன்னு விக்கிறானே, அது தேவையா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் கதை.

என் மாமா தணிகைவேல். ஊர் அரக்கோணம். அங்கே செருப்புக் கடைக்காரர் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மாமா ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார். என்ன வேஷம்? பிணம்! எவ்வளவு நேரம்? ஆறு விநாடி! சிரிக்காதீர்கள்... அதற்காக மூன்று நாள் மூச்சடக்கிப் பழகிய மனிதர்.

பக்கத்து வீட்டில் அருள்தாஸ். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாத பிறவி. "யோவ் தணிகை, எட்டு மாசமா நடிச்சேன் நடிச்சேன்ற. டிக்கெட்டைக் காட்டுய்யா!"

அந்த ஞாயிறு, அருள்தாஸ் வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போகிறார். ஐந்து மணிக்கு ஆட்டோ. அதற்குள் மாமா நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் ஆயுசுக்கும் புளுகன்! ஐம்பது நிமிஷம்... ஆறு விநாடி... ஒரு மனிதனின் மானம்!

மாமா, தான் நடித்த படத்தின் டிஸ்க்கைப் போட்டார். திரையில் கேள்வி: 'இன்டர்நெட்டில் இணைக்கவா? ஆம். வேண்டாம்.'

"மாமா, வேண்டாம்னு அமுக்குங்க."

"வந்தவங்க முன்னாடி மொத வார்த்தையே வேண்டாமா? அபசகுனம் மாப்ள!"

'ஆம்' என்று அமுக்கினார். அவ்வளவுதான். பெயரைப் பதிவு செய் என்றது. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, இங்கிலீஷில் பதினோரு எழுத்து. பிறந்த வருஷம் சொல் என்றது. இந்த வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்க வேண்டும். மாமா பிறந்தது ஐம்பத்தாறில். அமுக்கு... அமுக்கு... அமுக்கு... கல்யாண வருஷத்தைத் தாண்டிப் பின்னால் போனது.

"இங்கயே நிறுத்துங்க. நிம்மதியா இருந்த காலம்," என்றாள் அத்தை.

மாமா திரும்பி முறைத்தார். விரல் முறைக்கவில்லை, அமுக்கிக்கொண்டே இருந்தது. நாற்பத்தொன்பதுக்குப் போய்விட்டது! மறுபடி மேலே ஏறு...

நாலு நாற்பது. 'புதிய மென்பொருள் இறங்குகிறது, அணைக்காதீர்கள்.' மூன்று சதவீதம்... ஐந்து சதவீதம்... அருள்தாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன தணிகை, பொணம் கெளம்ப இவ்ளோ நேரமா?"

நாலு ஐம்பத்திரண்டு. ஒருவழியாகத் திறந்தது. படமா வந்தது? இல்லை! 'இந்தப் படத்தை உலகில் இப்போது பார்ப்பவர்களோடு பேசுங்கள். பார்ப்பவர்கள்: ஒருவர்.'

"பாத்தீங்களா! எங்கயோ ஒருத்தன் என் படத்தைப் பாத்துக்கிட்டிருக்கான்!" மாமா 'வணக்கம்' என்று தட்டி அனுப்பினார். பதினோரு பேரும் காத்திருந்தோம்... பதில் இல்லை. "திமிர் புடிச்சவன்," என்றார் மாமா.

"மாமா... அந்த ஒருத்தர் நீங்கதான்."

வாசலில் ஆட்டோ ஹாரன். அருள்தாஸ் எழுந்தார். "வரேன் தணிகை. நீ நடிச்சேன்னே வச்சுக்கறேன்."

அந்த 'வச்சுக்கறேன்' இருக்கிறதே... மாமா முகம் நிஜமாகவே பிணமாகிவிட்டது.

பொறுத்தது போதும். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன். பிளேயரை அணைத்துப் போட்டேன். அதே கேள்வி. 'வேண்டாம்' என்று அமுக்கினேன். பத்து விநாடியில் படம்! மாமாவின் காட்சிக்குத் தாவி அப்படியே நிறுத்தினேன். மாமா ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினார்: "அருள்தாஸ்! ஒரு நிமிஷம்யா!"

அருள்தாஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். பிணம் கிடக்கிறது. முகம்? வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கிறது!

"மூஞ்சி எங்கய்யா?"

மாமா ஜன்னலை விட்டு வந்து, டிவி மேசைமேல் இடது காலைத் தூக்கி வைத்தார். திரையில், துணிக்கு வெளியே நீட்டிய இடது காலில் ஆறு விரல். பக்கத்தில் மாமாவின் இடது காலில்... ஆறு விரல்! செருப்புக் கடைக்காரர்களுக்கு அவரைத் தெரிந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அருள்தாஸ் எண்ணினார். ரயில்வே வழக்கப்படி இரண்டாம் தரமும் எண்ணினார். "டிக்கெட் சரியா இருக்குய்யா," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அன்பர்களே, மாமாவின் மானம் எங்கே இருந்தது? இன்டர்நெட்டிலா? டிஸ்க்கில்! போட்ட நிமிஷத்திலிருந்து டிஸ்க்கிலேயே இருந்தது! கையில் இருப்பதைப் பார்க்க, எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரிடம் ஏன் பிறந்த வருஷம் சொல்ல வேண்டும்? அந்த வசதியில் காட்டும் முன்னோட்டமும் பேட்டியும் உங்கள் செல்போனிலேயே கிடைக்கின்றன. அரட்டைக்கு ஆள் வேண்டுமா? கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்களே! வேண்டாததை வேண்டாம் என்பது அபசகுனம் இல்லை, ஐயா. நேரத்துக்குப் படம் பார்க்க அதுதான் வழி.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று வீட்டுக்குப் போனதும் என் பிளேயரின் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்குவேன்.
2. டிஸ்க் வாங்கும்போது படமும் ஒலியும் தெளிவா என்று மட்டும் கேட்பேன். கடைக்காரர் இன்டர்நெட் என்று ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்துவேன்.
3. மாமா அடுத்த படத்திலும் பிணம்தான். இந்த முறை முகம் தெரியுமாம். அந்த டிஸ்க்கைக் கோயம்புத்தூருக்குத் தபாலில் அனுப்புவேன். கூடவே ஒரு சீட்டு: "அருள்தாஸ் சார், முதலில் ஒரு கேள்வி கேட்கும். தயங்காமல் வேண்டாம் என்று அமுக்குங்கள்."