பேட்டரி அறைக் கட்டுரையும் பதினான்கு கட்டைவிரல்களும்

சாட்சி எண் நான்கு. பெயர்: இணைப்புத் தாளில் கண்டபடி. வயது: ஐம்பத்தொன்று. தொழில்: மருந்துக் கிடங்கு ஒன்றில் பாதுகாப்புப் பிரிவு எழுத்தர். முகவரி: பேருந்துப் பணிமனைக்குப் பின்புறத் தெரு, இரண்டாம் மாடி, நீல இரும்புக் கதவு. அழைப்பு மணி வேலை செய்யாது, தட்ட வேண்டும்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். மேற்படி கிடங்கில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் காயம்பட்டவர், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர், என் மனைவியின் தம்பி. வண்டியை முன்னால் ஓட்டுவதைவிடப் பின்னால் ஓட்டுவதில் கெட்டிக்காரர் என்பதால் கிடங்கில் அவரை ரிவர்ஸ் என்று கூப்பிடுவார்கள். அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான்.

பதினொரு மாதங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு, இனி என் வாழ்நாளில் எந்த நல்ல கட்டுரையையும் தவறவிடுவதில்லை என்று முடிவு செய்தேன். அப்போது நான் முழு சுயநினைவுடன் இருந்தேன். யாரும் என்னைத் தூண்டவோ மிரட்டவோ இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அலுவலகக் கணினியில் ஒரு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தேன். எக்ஸ்டென்ஷன் என்பது இணையம் பார்க்கும் ஜன்னலின் மேல் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும் சிறு கருவி. இதற்குச் சிவப்புக் கொடி போல ஒரு படம் உண்டு. கட்டுரை ஏதாவது கண்ணில் பட்டால் கொடியை ஒருமுறை அழுத்தினால் போதும். கட்டுரை முழுவதும் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு அந்தக் கருவி, சேமித்ததை யாருக்காவது அனுப்ப வேண்டுமா என்று கேட்டது. ‘சேமித்த உடனே குழுவுக்கு அனுப்பு’ என்ற கட்டத்தில் அதுவே ஒரு டிக் போட்டு வைத்திருந்தது. நான் அதை எடுக்கவில்லை. எங்கள் பாதுகாப்புப் பிரிவின் கைபேசிக் குழுவைக் கொடுத்தேன். அதில் என்னைத் தவிர, மேலாளரையும் என் மைத்துனரையும் சேர்த்துப் பதினான்கு பேர். சேமித்த கட்டுரையை நான் முதல்முறை திறக்கும்போதும் ‘இவர் இதைப் படிக்கிறார், நீங்களும் படியுங்கள்’ என்று குழுவுக்கு ஒரு தகவல் போகும் என்று அதன் விளக்கத்தில் இருந்தது. அப்படிப்பட்ட தகவல் இந்தப் பதினொரு மாதத்தில் ஆறு முறை போயிருக்கிறது.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. பாதுகாப்புக் குழுவில் எது வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட வேண்டும். ‘படித்தேன், புரிந்துகொண்டேன், கடைப்பிடிப்பேன்’ என்று அதற்குப் பொருள். முன்பு இதற்கு ஒரு பதிவேடு இருந்தது, ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டும். பேனா தொலைந்துகொண்டே இருந்ததால் நான்தான் கட்டைவிரலுக்கு மாற்றினேன். மாதக் கடைசியில் எத்தனை கட்டுரை, எத்தனை கட்டைவிரல் என்று ஒரு தாள் தலைமை அலுவலகத்துக்குப் போகும். எக்ஸ்டென்ஷன் வந்த பிறகு எங்கள் கிளை முதலிடத்துக்கு வந்தது. மேலாளர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன்.

இதுவரை அறுநூற்றுப் பதினொரு கட்டுரைகளைச் சேமித்திருக்கிறேன். முழங்கால் வலி, கணினி விசைப்பலகையைச் சுத்தம் செய்வது, திமிங்கிலங்களின் தூக்கம், மொட்டைமாடியில் தக்காளி வளர்ப்பது ஆகியவை அதில் அடங்கும். படிக்காமல் சேர்த்துவைக்கும் பழக்கத்தை விடுவது எப்படி என்ற கட்டுரையும் இருக்கிறது. அதையும் படிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதினான்கு கட்டைவிரல் வந்தது.

ஐந்து மாதங்களுக்கு முன்பு, அலுவலக இரைச்சலுக்கும் தலைவலிக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு கட்டுரையைச் சேமித்தேன். எனக்குத் தெரிந்து குழுவில் ஒருவர் உண்மையாகவே படித்த கட்டுரை அது ஒன்றுதான். படித்தவர் மேலாளர். அவருடைய அறைக்கு அடுத்த சுவருக்குப் பின்னால்தான் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் அறை இருக்கிறது. அங்கே காற்றை வெளியே தள்ளும் ஒரு பழைய விசிறி நாள் முழுவதும் ஓடும், டிராக்டர் போலச் சத்தம் போடும். அதன் பிறகு மேலாளர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த விசிறியின் ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னார். அவர் பிடுங்கினார். நான் பாதுகாப்புப் பதிவேட்டில் ‘இரைச்சல் நீக்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த விசிறி எதற்காக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அறையில் ஜன்னல் கிடையாது.

அதன் பிறகு, மூன்று மாதங்களுக்கு முன்பு, என் ஸ்கூட்டர் பேட்டரி உயிரைவிட்டதால் அதைப் பற்றி இணையத்தில் தேடினேன். அப்போது ‘பேட்டரி சார்ஜ் அறைகளில் விபத்து: தடுப்பது எப்படி’ என்ற கட்டுரை கண்ணில் பட்டது. தலைப்பை முழுதாகப் படித்தேன். அதை நான் மறுக்கவில்லை. பயனுள்ளதாக இருக்கும் என்று நினைத்துக் காலை பத்து நாற்பத்தேழுக்குக் கொடியை அழுத்தினேன். அதன் பிறகு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பதினான்கு கட்டைவிரலும் வந்திருந்தன. என் மைத்துனருடையது பத்து ஐம்பத்திரண்டுக்கு வந்தது.

அந்த நேரத்தில் என் மைத்துனர் மூன்றாவது அடுக்கில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார் என்று வண்டிப் பதிவேட்டில் இருக்கிறது. வண்டி ஓட்டும்போது கைபேசி வைத்திருக்கக் கூடாது என்பது விதி. ஓட்டுநர்கள் கைபேசியைப் பேக்கிங் மேசையில் வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்கள். பத்து நிமிடத்துக்குள் பதில் வர வேண்டும் என்பதும் விதி. ஆகவே மேசையில் இருக்கும் எல்லாக் கைபேசிகளிலும் பேக்கிங் அக்காவே கட்டைவிரலைப் போட்டுவிடுவார். இரண்டு விதிகளையும் எழுதியவன் நான். பேக்கிங் அக்கா மீது எந்தக் குறையும் இல்லை. ஒருநாள் அவர் கை வலிக்கிறது என்று சொன்னபோது, “மொத்தமா அஞ்சு போன்தானே அக்கா” என்று நான்தான் சொன்னேன்.

ஒருமுறை மைத்துனர் என்னிடம், “மாமா, நீங்க அனுப்புறதையெல்லாம் படிச்சா வண்டிய யாரு ஓட்டுறது?” என்று கேட்டார். அதற்கு நான், “உன்னை யாரு மாப்ள படிக்கச் சொன்னா? கட்டைவிரல் விழுந்தா சரி” என்று சொன்னேன். இந்த வார்த்தைகளை அப்படியே பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு நான் என் மேசையில் உட்கார்ந்து, முதுகு வலிக்காமல் உட்காருவது எப்படி என்ற கட்டுரையைச் சேமித்துக்கொண்டிருந்தேன். அப்போது அடுக்கு சரிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சார்ஜ் அறைக் கதவு வழியாக வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது, புளித்த வாடை அடித்தது. பேட்டரி ஒன்று வெடித்திருந்தது. மைத்துனர் குழாயடியில் நின்று இரண்டு கைகளையும் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “மாமா, வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். சார்ஜரை அணைக்காமல் கேபிளைக் கழற்றியிருக்கிறார், பொறி பறந்திருக்கிறது. அவர் நான்கு வருடமாக அப்படித்தான் கழற்றுகிறார். அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவன் நான். எனக்கே அது தெரியாது.

அதன் பிறகு அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு கைகளையும் விரல் நுனி முதல் முழங்கைவரை கட்டியிருக்கிறார்கள். மறுநாள் நான் போனபோது மூக்கு அரிக்கிறது என்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, “சேமிச்சு வெச்சு அப்புறமா சொறியலாம்னு பாக்குறீங்களா மாமா? இப்பவே சொறிங்க” என்றார். சொறிந்துவிட்டேன்.

வெளியே வராந்தாவில் என் மனைவி, “நீங்க அந்தக் கட்டுரையப் படிச்சீங்களா?” என்று கேட்டாள். சேமித்தேன் என்று சொன்னேன். “சேமிச்சீங்களான்னு கேக்கல. படிச்சீங்களா?” என்றாள். இல்லை என்றேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்தோம். நீலக் கதவுக்கு முன்னால் சாவியைத் தேடும்போது, “கம்பெனியில ஏதாவது எழுதிக் கேட்டா உள்ளதைச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை உட்காரச் சொன்னதில்லை. எச்சரிக்கைக் கட்டுரை மூன்று மாதம் முன்பே போயிருக்கிறது, ஓட்டுநர் படித்துப் புரிந்துகொண்டதாகக் கட்டைவிரல் போட்டிருக்கிறார், ஆகவே கம்பெனி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது, தவறு ஓட்டுநருடையது என்று எழுதியிருந்த தாளை என்னிடம் நீட்டினார். அந்தத் தாளின்படி என் மைத்துனர் வேலையிலிருந்து நீக்கப்படுவார், வழக்கும் அவர் பேரில் போகும். அதனுடன், என் விழிப்புணர்வைப் பாராட்டி ஒரு சான்றிதழும் இருந்தது. அதில் என் பெயரை ஏற்கெனவே அடித்திருந்தார்கள்.

“நீங்க முன்னாடியே எச்சரிச்சவர். அதை மட்டும் சொன்னா போதும், உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது” என்றார்.

“அவனுக்கு?” என்று கேட்டேன்.

“அவருக்குக் கை ஆறிடும்ங்க.”

நான் தாளில் கையொப்பமிடவில்லை. படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்தத் தாளை மட்டும் அன்றே மூன்று முறை படித்தேன். அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

உதவி ஆய்வாளர் என்னிடம், படிக்காததை எதற்காகச் சேமித்தீர்கள் என்று கேட்டார். அப்புறம் படிக்கலாம் என்று சேமித்ததாகச் சொன்னேன். “எப்போ?” என்று கேட்டார். அதன் பிறகு, கட்டைவிரலைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் எச்சரிக்கப்பட்டார் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொன்னேன். எங்கள் குழுவில் கட்டைவிரல் போட்டவர்கள் படித்தவர்கள் அல்ல, அது எனக்குத் தெரியும், அப்படித் தெரிந்துதான் எண்ணிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். மைத்துனரை யாரும் எச்சரிக்கவில்லை. அனுப்பிய நானும் அதைப் படித்தவன் அல்ல. அதை நிரூபிக்க முடியுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். என்னிடம் வேறு சாட்சி எதுவும் இல்லை என்று சொன்னேன்.

இதில் எழுதியிருப்பது நான் சொன்னதுதான். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் நானே படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தச் சொல்லி, திருத்திய பிறகு மறுபடியும் படித்துக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)

நிலைய எழுத்தரின் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் முடிந்த பின், கைப்பற்றப்பட்ட அலுவலகக் கணினி உதவி ஆய்வாளர் முன்னிலையில் திறக்கப்பட்டது. எக்ஸ்டென்ஷனின் பட்டியலில் சம்பந்தப்பட்ட கட்டுரை ‘படிக்காதவை’ பகுதியில் இருந்தது. உதவி ஆய்வாளர் சொன்னதன் பேரில் சாட்சி அதைப் பிற்பகல் நான்கு பன்னிரண்டுக்குத் திறந்து வாய்விட்டுப் படித்தார். படிக்க ஆகும் நேரம் ஆறு நிமிடம் என்று தலைப்பின் கீழ் குறிக்கப்பட்டிருந்தது. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் வாயு தேங்கினால் ஒரு பொறியில் வெடிக்கும், ஆகவே காற்றுத் தள்ளும் விசிறி எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்பது முதல் பத்தியில் இருந்தது. சார்ஜரை அணைத்த பிறகே கேபிளைக் கழற்ற வேண்டும் என்பது இரண்டாவது பத்தியில் இருந்தது. சாட்சி இரண்டாவது பத்தியை முடித்தபோது மணி நான்கு பதினான்கு. அதற்குள், கட்டுரையைத் திறந்ததும் குழுவுக்குப் போன தகவலுக்குப் பதிலாகப் பதின்மூன்று கட்டைவிரல்கள் வந்திருந்தன. மூன்றாவதாக வந்தது மேலாளருடையது. பதினான்காவது வரவில்லை.