நாற்காலியை நகர்த்திய கைகள்

இந்தத் தையல்காரர் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, இன்று தலை குனிந்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, ஊசியில் நூல் கோத்தே கண் மங்கிய மூத்தோர்களே, வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நிற்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாலை வேண்டாம் என்று மேடையேறும் முன்பே சொல்லிவிட்டேன். இன்று கழுத்தை நிமிர்த்தி மாலை வாங்கும் தகுதி இந்த அரங்கில் ஒருவருக்கும் இல்லை. நடந்ததைத் தலைவரே சொல்வதாக இருந்தார். "எனக்கு நாக்கு எழலை. நீங்க பத்திரிகைக்காரரு, விசாரிச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். நடந்தது அவருடைய தையலகத்தில். அதை மறைக்க வேண்டாம் என்றதும் அவரே. உங்களை மட்டும் பிரித்து நிறுத்த மனமில்லாமல், என்னையும் சேர்த்து 'நாம்' என்றே சொல்கிறேன்.

அங்கே கட்டிங் மாஸ்டர் ஒருவர் உண்டு. உங்களில் பலருக்குத் தொழில் பழக்கியவர். அவருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். குணமாகிவிட்டது என்று அரசு மருத்துவர் சொன்ன பிறகே வேலைக்குத் திரும்பினார். யாருக்கு நிம்மதி? அவருக்கு மட்டும்தான். நமக்கோ சந்தேகம். தலைவர் தன் செலவிலேயே அவரை ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினார். புதிய இயந்திரம், மரபணுவையே பார்க்கும் இயந்திரம், இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லும் இயந்திரம்! முன்பு சிகிச்சை எடுத்தவரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சளியை வாங்கினார்கள், உள்ளே வைத்தார்கள், கிருமி உண்டு என்று பதில் வந்தது.

"டாக்டர் முடிஞ்சதுன்னு சொல்லிட்டாரே, முதலாளி" என்றார் மாஸ்டர்.

"மனுஷன் சொல்றத நம்பவா, மிஷின் சொல்றத நம்பவா?" என்றார் தலைவர்.

அன்றே நாம் ஆளுக்கொரு கை கொடுத்தோம். அவர் மேசையைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டோம். தட்டைத் தள்ளி வைத்தோம், தண்ணீரைத் தள்ளி வைத்தோம், தடம் மாறாமல் கத்தரி ஓட்டிய அந்தத் தங்கமான மனிதரையும் தள்ளி வைத்தோம். இஸ்திரி போடுபவர் சொன்னாராம்: "மாஸ்டர், அளவெடுக்கிற டேப்பையும் தனியா வெச்சுக்குங்க, இல்லன்னா இஞ்சுக்கு இஞ்சு இருமும்." அறையே சிரித்தது. இப்போது ஏன் யாரும் சிரிக்கவில்லை?

மாஸ்டர் அரசு மருத்துவமனைக்கே திரும்பிப் போனார். அங்கே ஆய்வகத்தில் இருந்த அம்மா விளக்கியதை நானும் நேரில் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த இயந்திரம் பொய் சொல்லாது. கிருமியை உடைத்து, அதன் மரபணுவில் ஒரு துண்டை எடுத்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெருக்கிக் காட்டும். முக்கியமான மருந்து அந்தக் கிருமியைக் கொல்லுமா என்பதையும் சேர்த்தே சொல்லும். ஆனால் செத்த கிருமியின் மரபணுவும் மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் கிடக்கும். அந்த அம்மா சொன்னது இது: "ஆள் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான், சட்டை மட்டும் ஆணியில தொங்குது. மிஷின் சட்டையைப் பார்த்துட்டு ஆள் இருக்கான்னுது. நோய் இருக்கான்னு முதல்ல கண்டுபிடிக்கத்தான் அது. குணமாயிட்டவரைச் சோதிக்க அதை வைக்கக் கூடாது."

உயிருள்ள கிருமி இருந்தால் வளரட்டும் என்று சளியைத் தனியே வைத்துப் பல வாரம் பார்த்தார்கள். எதுவும் வளரவில்லை. மேசை பழைய இடத்துக்கு வந்தது. மன்னிப்பு? அது மட்டும் வரவில்லை. மேசையைத் தூக்கிய கைகளே திருப்பிப் போட்டன, அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தோம்.

தீரவில்லை, தாய்மார்களே. அதே அறையில் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கும் அக்கா ஒருவர், துணிக்கத்தையில் முகம் புதைத்து இருமிக்கொண்டிருந்தார். இருமல் வரும்போதெல்லாம் ரேடியோவைக் கூட்டி வைப்பார். நம் காதில் பாட்டுத்தான் விழுந்தது. மாஸ்டரின் கண்ணில்தான் பட்டது, ரவிக்கையின் இரு பக்கமும் அக்கா இரண்டு தரம் பிடித்துத் தைத்திருந்தது. உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. தனியே அழைத்துக் கேட்டார்.

அக்கா சொன்னது ஒரே வரி: "சொன்னா எனக்கும் மாடிப்படிக்குக் கீழதானே, மாஸ்டர்?"

மாஸ்டரும் அவர் மனைவியும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அதே வகை இயந்திரம் மாலைக்குள் பதில் சொன்னது. இந்த முறை ஆணியில் சட்டை இல்லை, ஆளே இருந்தான். மருந்துக்கு அடங்குவான் என்றும் தெரிந்தது. அன்றே மாத்திரை கிடைத்தது. ஆனால் இத்தனை மாதமாக அக்காவோடு ஒரே பாயில் படுத்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் நோய் ஒட்டியிருந்தது. அந்தப் பிஞ்சு நெஞ்சில் கிருமியை வைத்தது யார்? இருமிய தாயா? அந்தத் தாயின் வாயைப் பயத்தால் தைத்த நாமா? இதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வகத்துக்குப் போவது?

பின்வரிசையில் ஒரு அண்ணன் கேட்கிறார், "அதுக்காக எங்க பிள்ளைங்களுக்கும் ஒட்டணுமா?" என்று. நியாயமான பயம், அண்ணே. அக்கா மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. சளியை மறுபடி பார்த்துவிட்டு, இனிப் பரவாது, வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிள்ளையும் மருந்தில் தேறி வருகிறாள். நோய் பரவியது அக்கா வாய் திறக்காத மாதங்களில். அடுத்து இருமப்போகிறவர் உடனே வந்து சொல்ல வேண்டுமா, ரேடியோவைக் கூட்டி வைக்க வேண்டுமா? அதை அக்காவை இன்று நாம் நடத்தும் விதம்தான் தீர்மானிக்கும்.

அவரை மீண்டும் வேலையில் சேர்ப்பதா என்று கை தூக்கிச் சொல்லத்தான் இந்தக் கூட்டம். மாஸ்டர் வரவில்லை. அவர் வீட்டு வாசல்வரை போய் அழைத்தேன். அவர் சொல்லி அனுப்பியதை அப்படியே சொல்லி முடிக்கிறேன்.

"கையெல்லாம் தூக்க வேணாங்க. நாளைக்குக் காலையில அவங்க வந்து உக்காரும்போது, பக்கத்துல இருக்கிறவங்க நாற்காலியை நகர்த்தாம இருந்தா போதும்."

சுடும் சொல்லையும் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. வணக்கம்.